தீ வைக்கும் காவலர்கள்

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1953-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பாரன்ஹீட் 451’ என்னும் அறிவியல் புதினத்தில் ஒரு நகரம் வருகிறது. அந்நகரத்திற்கு ஆசிரியர் பெயர் வைக்கவில்லை. அங்கே வீட்டுச் சுவர்களே தொலைக்காட்சித் திரைகளாகி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. மக்கள் காதுக்குள் சிப்பி போன்ற சிறு வானொலியைச் செருகிக்கொண்டு உறங்குகிறார்கள். வீடுகளோ தீப்பற்றாத பொருளால் கட்டப்பட்டவை. ஆதலால் தீயணைப்புப் படைக்கு வேலை இல்லாமற் போயிற்று. வேலை போன படையைக் கலைக்காமல் அதற்குப் புதியதொரு வேலை கொடுத்தார்கள். புத்தகம் வைத்திருப்பது குற்றம். வைத்திருப்போரைக் கண்டறிந்து, வீட்டோடு புத்தகங்களைக் கொளுத்துவதே அவ்வேலை. தாள் தீப்பற்றும் வெப்பநிலை என்று ஆசிரியர் கொண்ட எண்தான் 451. நம் செல்சியஸ் அளவில் ஏறக்குறைய 233 பாகை.

ஆங்கிலத்தில் இப்படையினரைக் குறிக்கும் சொல்லுக்குத் ‘தீ மனிதர்’ என்பதே நேர்ப்பொருள். அணைப்பவர் என்றும் கொள்ளலாம், வைப்பவர் என்றும் கொள்ளலாம். தமிழில் ‘தீயணைப்பு வீரர்’ என்று சொல்லும்போதே ‘அணைப்பு’ வந்துவிடுகிறது. இரட்டைப் பொருள் நிற்பதில்லை. இந்நூலைத் தமிழாக்க நினைப்பவர் முதல் பக்கத்திலேயே திணறுவார் என்று எண்ணுகிறேன்.

இனி, இப்படை எவ்வாறு இயங்கியது என்பதைக் காண்போம். தலைக்கவசத்தில் 451 என்ற எண் பொறித்திருக்கும். குழாயில் தண்ணீருக்குப் பதிலாக மண்ணெண்ணெய் பாயும். யார் வீட்டில் நூல் இருக்கிறது என்று அண்டை வீட்டாரே எழுதிக் கொடுப்பார்கள். புகாரை ஆராய்வதும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. முதலில் காவல் துறையினர் சென்று வீட்டுக்காரரின் வாயை ஒட்டி இழுத்துச் சென்றுவிடுவர். பிறகு இவர்கள் வெற்று வீட்டைக் கொளுத்துவர். பெரும்பாலும் இரவில்தான் போவார்கள். இரவில் நெருப்பு பார்க்க அழகாக இருக்கும் என்பதே காரணமாம்!

படைக்கு ஒரு விதிப் புத்தகமும் உண்டு. (புத்தகத்தை எரிப்பவர்களுக்குப் புத்தகம்!) அதில் படையின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. 1790-இல் நிறுவப்பட்டது என்றும், ஆங்கிலேயச் சார்புடைய நூல்களை எரித்த முதல் வீரர் பெஞ்சமின் பிராங்க்ளின் என்றும் அது கூறுகிறது. உண்மை வரலாறு யாது? பிராங்க்ளின் 1736-இல் பிலடெல்பியா நகரில் தீயை அணைக்கும் தொண்டர் குழு ஒன்றைத் தொடங்கினார். அதற்கு ஐந்து ஆண்டு முன்னரே, 1731-இல், அதே நகரில் உறுப்பினர்கள் சந்தா செலுத்தி நூல்களைப் பகிர்ந்து படிக்கும் நூலகத்தை நிறுவியவரும் அவரே. நூலகம் கண்டவரையே நூலெரித்தவராக எழுதி வைத்துவிட்டார்கள். பழைய நூல்கள் எல்லாம் சாம்பலான பிறகு இது பொய் என்று யார் எடுத்துக் காட்ட முடியும்?

ஊழல் என்றவுடன் நமக்கு மேசைக்கு அடியில் நீளும் கைதான் நினைவுக்கு வருகிறது. இப்புதினத்தில் தீப்படையினர் எவரும் கையூட்டு வாங்கியதாக வரவில்லை. எனினும் இதை ஊழற்படை என்றே சொல்வேன். காரணத்தைப் படைத்தலைவர் பீட்டியிடம் பார்க்கலாம்.

பீட்டி நிறையப் படித்தவர். வாதம் வந்தால் பழைய நூல்களிலிருந்து சரம் சரமாக எடுத்து வீசுவார். படிப்பது குற்றம் என்னும் நகரத்தில் இத்தனை நூல்களை அவர் எப்படிப் படித்தார்? கேட்பார் இல்லை. மேலும், படைவீரன் ஒருவன் ஆசைப்பட்டு ஒரு நூலை எடுத்துச் சென்றுவிட்டால் 24 மணி நேரம் அவனிடமே இருக்க விடுவார்கள். அதற்குள் அவனே எரித்துவிட்டால் ஒன்றும் இல்லை. ஊராருக்கு இந்த 24 மணி நேரம் உண்டா? ஒரு மூதாட்டியின் வீட்டிற்குப் படை செல்கிறது. அன்று அந்த அம்மையார் வீட்டைவிட்டு வெளியேற மறுக்கிறார். புத்தகங்களின் நடுவே நின்று, மண்ணெண்ணெய் ஊற்றி முடித்த பிறகு, தம் கையாலேயே தீக்குச்சியைக் கிழிக்கிறார். சட்டம் செய்தவர்களுக்கு ஒரு நியாயம், அந்த அம்மையாருக்கு வேறு நியாயம்.

நிலையத்தில் இயந்திர வேட்டைநாய் ஒன்றும் உண்டு. எட்டுக் கால்கள், மூக்கிலிருந்து ஊசி நீளும். எவருடைய உடல்வாடையைப் பதிவு செய்கிறார்களோ அவரைத் தேடிச் சென்று மருந்தேற்றி வீழ்த்தும். பொழுது போகாத இரவுகளில் வீரர்கள் எலியையும் கோழிக்குஞ்சையும் பூனையையும் அவிழ்த்துவிட்டு, நாய் எதை முதலில் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவார்கள். நூல்களைக் கொளுத்தும் காட்சியைவிட இச்சிறு காட்சிதான் என்னை அதிகம் அச்சுறுத்தியது.

கதைத் தலைவன் மாண்டாக் இப்படையில் பணிபுரிபவன். மூதாட்டியின் வீட்டிலிருந்து ஒரு நூலை மறைத்து எடுத்து வருகிறான். இறுதியில் தலைவரையே கொன்றுவிட்டு ஓடுகிறான். (அவன் செய்ததைச் சரி என்று நான் கூறவில்லை. ஆசிரியரும் அதை எளிதான செயலாகக் காட்டவில்லை.) நகரம் முழுவதும் சுவர்த்திரைகளில் அந்த வேட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மாண்டாக் ஆற்றில் இறங்கிவிட, நாய் வாடையை இழக்கிறது. ஆனால் பார்வையாளர்கள் காத்திருக்கிறார்களே! அந்நேரத்தில் தெருவில் தனியே உலாவிக்கொண்டிருந்த யாரோ ஒருவனை நோக்கி நாயைத் திருப்புகிறார்கள். படக்கருவி அவன் முகத்தைத் தெளிவாகக் காட்டுவதில்லை. மாண்டாக் இறந்தான் என்று அறிவிப்பு வருகிறது. மக்கள் நிம்மதியாக உறங்கப் போகிறார்கள். அந்த மனிதனின் பெயரைக் கதை கூறவே இல்லை. குற்றவாளி தப்பினான் என்று ஒப்புக்கொள்வதைக் காட்டிலும் குற்றமற்றவனைக் கொல்வது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

இத்தகைய படை எங்கிருந்து வந்தது? பீட்டி கூறும் விளக்கம் சிந்திக்கத்தக்கது. அரசு மேலிருந்து ஆணையிட்டு இது தொடங்கவில்லை என்கிறார் அவர். மக்களே முதலில் படிப்பதை விட்டார்கள். பெரிய நூல்களைச் சுருக்கினார்கள். சுருக்கத்தை மேலும் சுருக்கினார்கள். தங்கள் மனம் புண்படுகிறது என்று ஆளுக்கொரு பக்கத்தைக் கிழித்தார்கள். எஞ்சியதைக் கொளுத்தப் படை வந்தது. பீட்டி பொய்யர்தான், என்றாலும் இவ்விடத்தில் அவர் பாதி மெய் சொல்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏனெனில் இந்நூலுக்கே அது நேர்ந்தது. 1967-இல் பதிப்பகத்தார் பள்ளிகளுக்கென்று ஒரு பதிப்பு வெளியிட்டனர். எம் போன்ற மாணவியரின் நலன் கருதி, ஆசிரியருக்குத் தெரியாமலேயே பல சொற்களை நீக்கியும் சில இடங்களை மாற்றியும் அச்சிட்டனர். சில ஆண்டுகளில் கடைகளில் வெட்டப்பட்ட பதிப்பு மட்டுமே கிடைத்தது. மாணவர்கள் கடிதம் எழுதித்தான் பிராட்பரிக்கு அது தெரியவந்தது. அவர் வற்புறுத்திய பிறகு 1980-இல் முழு நூலும் மீண்டும் வெளிவந்தது. நம் திருச்சபையிலும் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்று 1559 முதல் இருந்தது. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் காலத்தில், 1966-இல், அது கைவிடப்பட்டது. அஃதாவது, திருச்சபை பட்டியலை மூடிய மறு ஆண்டில் பதிப்பகம் கத்தரிக்கோலை எடுத்தது!

இதெல்லாம் கற்பனை நகரத்துக் கதை என்று ஒதுக்கிவிட இயலாது. 1933 மே 10 அன்று பெர்லினில் நாஜி மாணவர்கள் பல்லாயிரம் நூல்களைக் கொளுத்தினார்கள். தமிழுக்கு இன்னும் அருகில் வருவோம். 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. எரித்தவர்களுள் காவல் துறையினரும் இருந்தனர் என்று நேரில் கண்டவர்கள் கூறியிருக்கிறார்கள். புனித பத்திரிசியார் கல்லூரியின் மாடியிலிருந்து அத்தீயைக் கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் அவ்வதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார். அவர் கத்தோலிக்கக் குரு. பிராட்பரியின் மூதாட்டியைப் படிக்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.

மாண்டாக் என்ன ஆனான் என்று தோழியர் கேட்பீர்கள். ஆற்றைக் கடந்து, இரயில் பாதை ஓரமாக வாழும் ஒரு கூட்டத்தாரிடம் சேர்கிறான். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நூலை, அல்லது நூலின் ஒரு பகுதியை, மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். நீ எதைக் கொண்டு வந்தாய் என்று கேட்கிறார்கள். விவிலியத்தின் ‘சபை உரையாளர்’ நூலில் கொஞ்சம் நினைவிருக்கலாம் என்கிறான். யங்ஸ்டவுன் என்னும் ஊரில் ஹாரிஸ் என்பவரிடம் அந்நூல் ஏற்கெனவே இருக்கிறதாம். ஹாரிஸுக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் இனி மாண்டாக்தான் சபை உரையாளர்; ஆகவே உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி அவனிடம் சொல்கிறார்கள்.