கடலில் கதிரவனைப் படம் பிடித்தல்

புனேயில் பயிலும் நம்மவர் விடுமுறைக்கு அலிபாக் செல்வதுண்டு. மெரினாவிற் கண்டதுபோல் அங்கும் கதிரவன் கடலினின்று எழுவான் என்று காமிராவுடன் விடியுமுன் காத்திருந்து பயனில்லை. அது மேற்குக் கரை. கதிரவன் எழுவது சகியாத்திரி மலைப் பக்கத்தில். அங்கே மாலைதான் நமக்குரிய வேளை. இரண்டையும் கடல்மேற் காண விரும்புவோர் கன்னியாகுமரிக்குச் செல்லல் வேண்டும்.

பௌதிகம் பயிலும் எனக்கு இதில் தீராத வியப்பு ஒன்றுண்டு. கதிரவனின் அடிவிளிம்பு தொடுவானைத் தொட்டு நிற்பதாக நாம் படம் எடுக்கும்போது, அவன் முழுவதும் தொடுவானுக்குக் கீழே இருக்கிறான்! காற்றுமண்டலம் ஒளியை அவ்விடத்தில் சுமார் 34 கலை வளைக்கிறது. கதிரவனின் விட்டமோ ஏறத்தாழ 32 கலையே. (60 கலை கொண்டது ஒரு பாகை.) மேல்விளிம்பைவிட அடிவிளிம்பு மிகுதியாக உயர்த்தப்படுவதால் வட்டம் நசுங்கித் தோன்றும். லென்சைக் குறை கூற வேண்டா.

ஒளியைக் கதிரவன்மேல் அளந்தால் கடல் கருத்துவிடும். பக்கத்து வானத்தில் அளந்து கொள்க. நீலம் வழியிலேயே சிதறிவிட, எஞ்சுவது செம்மை. வெண்மைச் சமன்பாட்டைப் 'பகலொளி'யில் நிறுத்தாவிடில் அச்செம்மையைக் கருவியே கழுவிவிடக்கூடும். கதிரவன் உயர்ந்தபின், கண்ணாடி வழிக் காமிராவில் தொலைவு லென்சைப் பொருத்திக் கண்வைத்து நோக்கற்க. விழித்திரை வெந்தால் பார்வை மீளாமற் போகலாம்.