பழைய பிக்கப்பின் ஹீட்டர்: துண்டிப்பதா, செப்பனிடுவதா, மாற்றுவதா?

ஜனவரி மாதத்து இரவிலும் பத்து டிகிரிக்குக் கீழே உஷ்ணநிலை இறங்குவது அபூர்வமாக உள்ள கொல்கத்தாவின் பாலிகஞ்சில் வசிப்பவர் ஒருவர், தம் வண்டியின் ஹீட்டர் கெட்டுப்போனதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்டால், நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டியாயின் கவலைப்பட வேண்டியதில்லை என்றே சொல்லிவிடலாம். ஆனால் லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ, கரியாஹாட் பக்கங்களில் பழைய பிக்கப் வைத்திருப்பவர்களில், மார்கழி, தை மாதங்களில் மால்டா வழியாக சிலிகுரிக்கும், அங்கிருந்து டார்ஜிலிங், காலிம்போங் மலைகளுக்கும் சரக்கோடோ குடும்பத்தோடோ பிரயாணம் செய்பவர்களுக்கு இது சௌகரியத்தைப் பற்றிய விஷயமே அன்று. வடவங்கச் சமவெளியின் மூடுபனியில், உள்ளே அமர்ந்திருப்பவர்களின் மூச்சுக்காற்று முன் கண்ணாடியில் படிந்து, துடைக்கத் துடைக்க மறுபடியும் மறைக்கும்போது, அதை விலக்கக்கூடியது கண்ணாடியின் அடியிலிருந்து மேல்நோக்கி வீசும் உலர்ந்த வெப்பக் காற்று ஒன்றுதான். ஏர் கண்டிஷனர் இல்லாத பழைய வண்டியில் அதற்கு வேறு உபாயமும் இல்லை. 3,636 மீட்டர் உயரமுள்ள சாந்தக்பூவுக்கு மானேபஞ்சாங்கிலிருந்து 1950-களின் லேண்ட் ரோவர் வண்டிகளை இன்னமும் ஓட்டிவரும் மலைச் சாரதிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சமவெளியிலிருந்து போகிற நமக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

ஹீட்டர் தனக்கென்று எரிபொருள் எதையும் செலவிடுவதில்லை. எஞ்சினைச் சுற்றி வந்து கொதிநிலையை நெருங்கிய நீரில் ஒரு பகுதி, இரண்டு ரப்பர் ஹோஸ்களின் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு ரேடியேட்டருக்குச் சென்று திரும்புகிறது. ஹீட்டர் கோர் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். ஒரு புளோவர் அதன் வழியே காற்றைத் தள்ள, சூடேறிய காற்று காலடிக்கும் கண்ணாடிக்கும் வருகிறது. ஆகவே கோளாறு நீரின் பக்கம் இருக்கலாம், அல்லது காற்றின் பக்கம் இருக்கலாம். எந்தப் பக்கம் என்று நிச்சயிக்காமல் பணத்தைச் செலவிடுவது உசிதமன்று.

அதை நிச்சயிக்க வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டி, ஹீட்டரை முழுவதும் திறந்து வைத்து, எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகட்டின் அருகே அந்த இரண்டு ஹோஸ்களையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பார்த்தால் போதும். இரண்டும் சுட்டால் கோர் சரியாக இருக்கிறது. புளோவரையோ, காற்றைத் திருப்பும் மடல்களையோ, அவற்றை இழுக்கும் கேபிளையோ பார்க்க வேண்டும். புளோவர் அதிக வேகத்தில் மட்டும் சுற்றி மற்ற வேகங்களில் நின்றுவிட்டால், பெரும்பாலும் அதன் ரெசிஸ்டர் எரிந்திருக்கும்; அது சொற்பச் செலவில் முடியும். ஒரு ஹோஸ் சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால், கோர் அடைத்திருக்கிறது அல்லது நீரைத் திறக்கும் வால்வு மூடியபடியே இறுகியிருக்கிறது. இரண்டுமே சுடாவிட்டால் நீர் குறைந்திருக்கலாம், குழாய்க்குள் காற்று சிக்கியிருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் இல்லாமலே இருக்கலாம்.

இந்தக் கடைசிக் காரணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். ஏறத்தாழ 82 டிகிரியில் ரேடியேட்டருக்கு நீரைத் திறந்துவிடும்படி அமைந்த அந்தச் சிறு கருவியை, எஞ்சின் சூடாகிறது என்ற ஒரு புகாரைக் கேட்டதும் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம் சமவெளி மெக்கானிக்குகள் பலரிடம் உண்டு. அதன் பலனாக எஞ்சின் தனக்குரிய உஷ்ணநிலையைக் குளிர்காலத்தில் எட்டுவதேயில்லை. டீசல் கூடுதலாகச் செலவாகிறது. ஹீட்டரிலிருந்து வெதுவெதுப்பான காற்றுக்கு மேல் எதுவும் வருவதில்லை. பழைய வண்டியை விலைக்கு வாங்கியவர்கள் கோரை மாற்றுவதற்கு முன்னால் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்வது நல்லது. இருந்தால், அதை ஒரு பாத்திரத்து நீரில் போட்டுக் கொதிக்கவைத்து, திறக்கிறதா என்று கண்ணாலேயே பரீட்சித்துக் கொள்ளலாம்.

கோரில்தான் கோளாறு என்று தெளிந்தபின், நம் முன் நிற்கும் வழிகளில் முதலாவது, மெக்கானிக்குகள் தயங்காமல் சொல்லும் துண்டிப்பு: இரண்டு ஹோஸ்களையும் கோரிலிருந்து விடுவித்து, ஒன்றோடொன்று வளைத்து இணைத்துவிடுவது. கோர் ஒழுகி, கால்மிதி நனைந்து, கேபினில் இனிப்பான ஒரு வாசனையும் கண்ணாடியில் எண்ணெய் போன்ற படலமும் தோன்றினால், அன்றைக்கே இதைச் செய்வதுதான் சரி. ஏனெனில் நீர் முழுவதும் ஒழுகிய எஞ்சின் பாழாகிவிடும். நகரத்தைத் தாண்டாத வண்டிக்கு இதுவே நிரந்தர ஏற்பாடாகவும் இருக்கலாம். ஆனால் ஹோஸ்களின் வாயைத் தனித்தனியே அடைத்துவிடக் கூடாது. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் நேரத்தில் நீர் சுழல்வதற்கு அந்தப் பாதையையே நம்பியிருக்கும் எஞ்சின்கள் சில உண்டு. மலைக்குப் போகும் வண்டியைத் துண்டித்த ஸ்திதியிலேயே விட்டுவைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது, கழுவிப் பார்ப்பது. கோர் ஒழுகாமல் அடைத்து மட்டும் இருந்தால், வேறு எதற்கும் முன்னால் இதையே செய்ய வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றியதால் சுண்ணாம்பும் துருவும் படிந்திருக்கும் அந்தக் குறுகிய குழாய்களுக்குள், வழக்கமான திசைக்கு எதிர்த்திசையில் மெதுவான அழுத்தத்தில் நீரைச் செலுத்தி, தெளிவாக வரும் வரை கழுவிவிட்டால், பல வண்டிகளில் ஹீட்டர் உயிர்பெற்றுவிடுகிறது. கழிப்பறை சுத்தம் செய்யும் ஆசிட்டை மட்டும் யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். அது சுண்ணாம்போடு உலோகத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஒழுகலை அடைக்க மஞ்சள்தூள் போடுவது நம் சாரதிகளின் பழைய யுக்தி. நடுவழியில் ஓர் ஊர் வரை போய்ச் சேர அது உதவக்கூடும். பின்னர் அந்தத் தூள் முதலில் அடைப்பது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களைத்தான். சிகரெட் லைட்டரில் செருகும் மின்சார ஹீட்டர்களும் கடைகளில் கிடைக்கின்றன. 12 வோல்ட்டில் 150 வாட் என்பது கணிசமான மின்னோட்டம். ஆயினும் எஞ்சின் நீரால் இயங்கும் ஹீட்டர் தரும் சில ஆயிரம் வாட் வெப்பத்துக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. அதை வாங்க வேண்டாம்.

எஞ்சியிருப்பவை பற்றவைத்துச் செப்பனிடுவது, பழைய கோர் வாங்குவது, புதிது வாங்குவது என்ற மூன்று. இங்கே உலோகம்தான் தீர்மானிக்கிறது. செம்பும் பித்தளையும் கொண்ட கோராயின், ரேடியேட்டர் பட்டறையில் ஈயப்பற்று வைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றழுத்தம் கொடுத்து, குமிழி வருகிறதா என்று பரீட்சித்து வாங்கிக்கொள்ளலாம். உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை அம்பாசிடர் தயாரான கொல்கத்தாப் பகுதியில், பழைய வண்டியைச் செப்பனிடத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. குழாய் ஓரிடத்தில் மட்டும் பழுதாகியிருந்தால் இதுவே சிறந்தது. பல இடங்களில் அரித்திருந்தால் பற்று நிலைக்காது. பிளாஸ்டிக் தொட்டிகளோடு கூடிய அலுமினியக் கோராயின் செப்பனிடும் யோசனையையே விட்டுவிட்டுப் புதிது வாங்குவதே முறை.

பார்க் ஸ்ட்ரீட் முனைக்கு அருகில் உள்ள மல்லிக் பஜாரில், கழற்றிய வண்டிகளின் உறுப்புகள் மலிவாகக் கிடைக்கும். புளோவர் மோட்டார், வால்வு, கட்டுப்பாட்டுக் கேபிள், மடல்கள் இவற்றை அங்கே தாராளமாக வாங்கலாம். உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்கு வேறு கதியும் இல்லை. ஆனால் கோரை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். அதை மாற்றப் பெரும்பாலான வண்டிகளில் டாஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். செலவில் பெரும்பங்கு அந்த உழைப்புக்கே போகிறது. அவ்வளவு உழைப்பின் முடிவில் இன்னொரு வண்டியில் அரித்துக்கொண்டிருந்த பொருளை உள்ளே வைத்து மூடுவதால் எந்தச் சிக்கனமும் விளைவதில்லை. டாஷ்போர்டு இறங்கியிருக்கும்போதே இரண்டு ஹோஸ்களையும் கிளாம்ப்களையும் புதிதாக்கிவிட வேண்டும். எஞ்சின் புகை உள்ளே புகாதபடி தகட்டிலுள்ள துளைகளின் ரப்பர் வளையங்களையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். ஜன்னல்களை மூடி ஓட்டும் கேபினில் வாசனையற்ற கார்பன் மோனாக்ஸைடு உயிரையே வாங்கிவிடும்.

புதிய கோருக்குப் பணம் கொடுக்குமுன் வண்டியின் பதிவுப் புத்தகத்தையும் பாருங்கள். 2008-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி, பதினைந்து ஆண்டு கடந்த வணிக வாகனங்களை கொல்கத்தா பெருநகரப் பரப்பிலிருந்து விலக்குவது 2009-ல் அமலுக்கு வந்தது. வணிகப் பதிவுள்ள வண்டி அந்த வயதை நெருங்கிவிட்டதாயின், கழுவுவதோடும் பற்றவைப்பதோடும் நின்றுவிடுவதே விவேகம். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டிக்குப் புதிய கோர் தகும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், கடைசியில் வெறும் தண்ணீரை ஊற்றி அனுப்ப விடாதீர்கள். கொல்கத்தாவில் நிரப்பிய தண்ணீர், பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் மலை இரவு ஒன்றில் உறைந்து விரிந்தால், புதிய கோரும் வெடித்துவிடும். கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி என்ற கலவை இதைத் தடுப்பதோடு உலோக அரிப்பையும் தாமதப்படுத்துகிறது. வடித்தெடுத்த பழைய கூலன்டைத் தெருவோரச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். அதன் இனிப்புக்காக நாய்களோ குழந்தைகளோ நக்கிவிட்டால் அது கொடிய விஷம்.

விசுவகர்மா பூஜை முதல் காளி பூஜை வரை பட்டறைகள் விடுமுறையும் கூட்டமுமாக இருக்கும். ஆகவே அதற்கு முன்போ, அது முடிந்த உடனேயோ வேலையைக் கொடுத்துவிடுங்கள். வண்டியைத் திரும்பப் பெற்ற அன்று ஹீட்டரைத் திறந்துவைத்து அரை மணி நேரம் பைபாஸ் சாலையில் ஓட்டி, நிறுத்தியதும் கால்மிதியின் அடியில் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் மலைக்குப் புறப்படாமல் பட்டறைக்கே திரும்புங்கள்.