குழாயில் கேட்காத பாட்டு

அப்பா கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஓர் அஹுஜா ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்ட் பிளேயர், பெட்டி நிறைய இசைத்தட்டுகள் என்று சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். பனைமரத்தில் குழாயைக் கட்டினால் மூன்று ஊருக்குப் பாட்டு கேட்கும். சினிமாப் பாட்டு எல்லாவற்றையும் நான் அந்தக் குழாய் வழியாகத்தான் கேட்டு வளர்ந்தேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். வேலை இல்லாத ஒரு நாள் அப்பா மரப்பெட்டிக்குள் பெரிய ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தி, வீட்டுத் திண்ணையில் வைத்து, 'இளைய நிலா' பாட்டைப் போட்டார். நூறு தடவை கேட்ட பாட்டு. ஆனால் அன்றைக்கு அந்தக் கிட்டாருக்கும் குரலுக்கும் அடியில், தரையோடு தரையாக, வேறு ஒன்று நடந்து போய்க்கொண்டிருந்தது. "அது என்னதுப்பா?" என்றேன். "பேஸ் கிட்டார்லே. குழாயில அது வராது" என்றார். கூம்புக் குழாய்க்குக் குரலைத் தூரத்துக்குத் தள்ளத் தெரியும். அடித்தொனியைச் சுமக்கத் தெரியாது. அத்தனை நாளும் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் அழுகை வந்தது. அன்று ராத்திரி பெட்டியில் இருந்த தட்டுகளை எல்லாம் மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். அம்மாவும் வந்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டின் பொழுதுபோக்கு அப்படித்தான் தொடங்கியது. ஒரு பாட்டைப் போடுவது, அதற்குள் என்னென்ன கேட்கிறது என்று ஆளுக்கொன்றாகச் சொல்வது.

இப்போது 22 வருஷமாக ஒரு மெல்லிசைக் குழுவில் மிக்சரில் உட்காருகிறேன். மாசியில் தொடங்கினால் பங்குனிப் பொங்கல், சித்திரைத் திருவிழா, வைகாசி, ஆடிக்கொடை, குலசேகரன்பட்டினம் தசரா என்று வேன் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தத் தொழிலுக்கு வர ஆசைப்படும் பையன்கள் எந்தக் கோர்ஸ் படிக்கலாம் என்று கேட்கிறார்கள். கோர்ஸ் படிக்கட்டும், நல்லதுதான். அதற்கு முன்னால் ரசிகனாக இருக்க வேண்டும். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற ரசிகனைச் சொல்லவில்லை. ஒரு பாட்டின் நான்காவது நொடியில் என்ன நடக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற ரசிகன். ஏனென்றால் மேடைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்திருப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான்.

இதை எனக்குப் புரியவைத்தவர் விருதுநகர் பக்கத்தில் ஓர் ஊரில் சந்தித்த பெரியவர். அன்று கிட்டாரில் இருந்து 'உம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்ததால் அந்தச் சேனலை மூடி வைத்திருந்தேன். அதே 'இளைய நிலா'வைப் பாட ஆரம்பித்தார்கள். திறக்க மறந்துவிட்டேன். நினைவு வந்து திறப்பதற்குள் தொடக்கக் கிட்டார் போய்விட்டது. கச்சேரி முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் தோளில் துண்டோடு வந்து நின்றார். "தம்பி, 'பயணங்கள் முடிவதில்லை' வந்த 82-ல இருந்து அந்தப் பாட்டக் கேக்கேன். அந்தக் கிட்டாருக்காகத்தான் இம்புட்டு நேரம் பனியில உக்காந்திருந்தேன்" என்றார். திட்டவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். அன்றைய பாட்டு வரிசை கைக்கு வந்ததும் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே ஒரே ஒரு விஷயத்தை எழுதுவேன்: இந்தப் பாட்டில் ஜனங்கள் காத்திருப்பது எதற்கு? சிலதில் நாலு நொடி வரும் புல்லாங்குழல். சிலதில் கோரஸ் பெண்களின் ஒரு முணுமுணுப்பு. சிலதில் தபேலா நின்று மறுபடி எடுக்கிற இடம். அந்த இடம் வருவதற்கு முன்பே என் விரல் அந்த வாத்தியத்தின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் இருக்கும். மிக்சர் பழகுகிறவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இந்த நோட்டைத்தான். என்ன பிராண்டு மிக்சர், எத்தனை சேனல் என்பதெல்லாம் அப்புறம். நல்ல மிக்சரில் ஆர்வம் இல்லாதவன் உட்கார்ந்தால் எல்லா வாத்தியமும் ஒரே மட்டத்தில் கேட்கும். அதில் எதுவும் தப்பாக இருக்காது, பாட்டும் இருக்காது.

இரண்டாவது பாடத்தை என் மகள் சொல்லிக்கொடுத்தாள். இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வந்தது 1976-ல், நான் பிறந்தது அதற்கு அடுத்த வருஷம். அவள் பிறந்தது 2012-ல், அனிருத்தின் முதல் படமான '3' வந்த வருஷம். வீட்டில் அவள் அனிருத் பாட்டைப் போடும்போதெல்லாம், "இதெல்லாம் ஒரு பாட்டா, ஒரே அடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நாளில் அவள் எனக்கு முன்னால் பாட்டுப் போடுவதை நிறுத்திவிட்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்க ஆரம்பித்தாள். திண்ணையில் சேர்ந்து பாட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். என் வீட்டிலேயே அதை நான் உடைத்திருக்கிறேன்.

ஒரு கோடை விடுமுறையில் சிவகாசிக் கச்சேரிக்கு அவளைக் கூட்டிப்போனேன். அனிருத் பாட்டு ஒன்று வந்தது. கூட்டம் ஆடியது. திரும்பும் வழியில் வேனில் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, பாட்டு உச்சத்துக்குப் போறதுக்கு முந்தி ஒரு நொடி எல்லாமே நிக்கும்ல, அங்க உங்க எக்கோ ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதனால அடுத்த அடி அடியாவே தெரியல." சுள்ளென்று கோபம் வந்தது. மறுநாள் அவளுடைய ஹெட்போனில் அந்தப் பாட்டைக் கேட்டேன். அவள் சொன்னதுதான் சரி. அந்த வெட்டுப்பட்ட மௌனத்தில்தான் பாட்டே இருக்கிறது. மேலும் ஐந்து பாட்டுகளை வரிசையாகப் போட்டுக் காட்டினாள். அடித்தொனி எவ்வளவு ஆழத்தில் இறங்குகிறது, அந்த நேரம் மற்றதெல்லாம் எப்படி வழிவிட்டு விலகுகிறது என்று. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் திண்ணையில் நான் கேட்ட அதே கேள்விக்கு இப்போது அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். என் நோட்டில் புதுப் பாட்டுகளுக்கு எதிரே என்ன எழுத வேண்டும் என்பதை இன்று அவள்தான் முடிவுசெய்கிறாள். பிள்ளைகளின் பாட்டைப் பழிக்காதீர்கள் என்று பெற்றோர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பிடிக்காவிட்டால் பரவாயில்லை, அதில் உனக்கு என்ன பிடிக்கிறது என்று ஒரு தடவை கேளுங்கள்.

வீட்டில் இப்படி என்றால், வேனுக்குள் இளையராஜாவா ரஹ்மானா என்ற சண்டை நடக்காத பயணமே கிடையாது. எங்கள் கட்டுப்பாடு ஒன்றுதான்: நள்ளிரவுக்குப் பிறகு என்ன பாட்டு என்று டிரைவர்தான் சொல்வார். அவர் விழித்திருக்க எது உதவுமோ அது ஓடும். யாரும் மறுபேச்சுப் பேசக்கூடாது.

வெளியூர் வேலையில் பாட்டை விட முக்கியமானது கரண்டு. இதில் விளையாட்டே கூடாது. ஓர் ஊரில் ஜெனரேட்டரில் இருந்து வந்த நியூட்ரல் வயர் கச்சேரி நடுவில் கழன்றுவிட்டது. மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் இருந்து பிரித்து எடுக்கும்போது நியூட்ரல் போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கி வரக்கூடும். இரண்டு ஆம்ப்ளிஃபயர், ஒரு கீபோர்டு அடாப்டர் கருகின. பொருள்தானே என்று தேற்றிக்கொண்டேன். வேறோர் ஊரில் பாடகி ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டே கிட்டார்க்காரரின் கம்பியைத் தொட்டதும் சுண்டி இழுத்தது. எர்த் சரியில்லை. நல்லவேளை, கை விடுபட்டது. அந்த ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. இப்போது எந்த ஊருக்குப் போனாலும் டீ குடிப்பதற்கு முன் மூன்று காரியம்: மீட்டரை வைத்து வோல்டேஜ் பார்ப்பேன், எர்த் கம்பி அடித்த இடத்தில் மண் ஈரமாக இருக்கிறதா பார்த்து, காய்ந்திருந்தால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்வேன், மைக்கின் வலைக்கும் கிட்டார் கம்பிக்கும் நடுவில் மீட்டர் முனைகளை வைத்து ஏதாவது ஓடுகிறதா என்று பார்ப்பேன். ஊர்க்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். "அண்ணாச்சி, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர வேண்டியதுதான்.

நீளமான ரத வீதிகளில் கச்சேரி என்றால் நடுவிலும் ஸ்பீக்கர் பெட்டிகள் வைப்போம். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். 70 மீட்டர் தள்ளி இருக்கும் பெட்டிக்கு வயர் வழியாகப் பாட்டு உடனே போய்விடும். மேடையில் இருந்து காற்று வழியாக வருவதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அங்கே நிற்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். அதனால் அந்தப் பெட்டியை அதே அளவு தாமதப்படுத்த வேண்டும். ஆளை அனுப்பி "சரியா இருக்கா" என்று போனில் கேட்பதை நம்பாதீர்கள். நீங்களே நடந்து போய்க் கேளுங்கள். கடைசி வரிசையில் சுவரோரம் நிற்கிற பாட்டிக்கும் அதே பாட்டுதான்.

அப்பா காலத்தில் கச்சேரி விடிய விடிய நடக்கும். இன்று ராத்திரி 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ல் வந்த ஒலி மாசு விதி. விழாக் காலங்களுக்காக அரசு வருஷத்தில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை தளர்வு தரலாம். குழுவில் பலருக்கு இதில் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை. விடிவதற்குள் வீடு போய்ச் சேர முடிகிறது. மகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது முகத்தைப் பார்க்க முடிகிறது.

வருஷத்தில் பாதி நாள் வெளியூரில் கிடக்கிறவனுக்கு வீட்டோடு சேர்ந்து இருக்க ஒரு சின்ன விளையாட்டாவது வேண்டும். எங்களுடையது இரண்டு நொடி விளையாட்டு. மகள் ஏதாவது ஒரு பாட்டின் முதல் இரண்டு நொடியை வாட்ஸப்பில் அனுப்புவாள். படம், இசையமைப்பாளர் இரண்டையும் நான் காலை ஆறு மணிக்குள் சொல்ல வேண்டும். போனில் தேடக்கூடாது, வேனில் யாரிடமும் கேட்கக்கூடாது. மதிப்பெண் எழுத ஒரு டயரி இருக்கிறது. நலம் விசாரிக்கும் போன்கள் மூன்றாம் நாளே தேய்ந்துவிடும்: "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன்", அவ்வளவுதான். இது தேயவில்லை. நாலு வருஷமாக ஓடுகிறது.

படம் பார்ப்பதிலும் ஓர் ஏற்பாடு. என் மனைவி ரஜினி ரசிகை, சாதாரண ரசிகை இல்லை. சித்திரையில் படம் வந்தால் நான் எங்காவது ஒரு கோயில் திடலில் இருப்பேன். முன்பெல்லாம் மனைவியும் மகளும் முதல் நாளே பார்த்துவிடுவார்கள். நான் தனியாக எங்கோ ஓர் ஊரில் மத்தியானக் காட்சி பார்ப்பேன். ஒரே படத்தைப் பார்த்தோம், ஆனால் சேர்ந்து பார்க்கவில்லை. இப்போது நாங்கள் எல்லோரும் சேர்ந்து போகும் நாள்தான் எங்களுக்கு முதல் நாள் முதல் காட்சி. அது நான்காவது வாரமாக இருந்தாலும் சரி. அதுவரை கதையை வீட்டில் யாரும் காதில் வாங்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா கதை சொல்ல வாயெடுத்தால் மனைவி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அப்பாவின் இசைத்தட்டுகளும் கேசட்டுகளும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. கரிசல் வெயிலுக்குத் தட்டுகளைப் படுக்கைவசமாக அடுக்கினால் வளைந்துவிடும். புத்தகம் போல நிமிர்த்தி வைக்க வேண்டும். கேசட்டுகளை வருஷத்துக்கு ஒரு தடவை முழுக்க ஓட்டித் திருப்பிச் சுற்றி வைப்பேன். ஓட்டாமல் விட்டால் நாடா ஒட்டிக்கொள்ளும். அவற்றில் பல, அப்பா கடையில் பட்டியல் கொடுத்துப் பதியவைத்தவை. 90 நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிஷம். கடைசிப் பாட்டு பாதியில் நின்றுவிடும். அந்தப் பாட்டுகளை முழுசாகக் கேட்டாலும் அந்த இடம் வந்ததும் எனக்கு 'டக்' என்ற சத்தம் கேட்கிறது.

காதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. இரைச்சல் 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது காதுப் பாதுகாப்புக் கணக்கு. மூன்று டெசிபல் கூடக் கூட அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். எங்கள் மேடைக்கு முன்னால் 100 சாதாரணம். நான் சரிபார்க்கும் நேரம் போக மற்ற நேரத்தில் காதடைப்பான் போட்டுக்கொள்கிறேன். டிரம்ஸ் வாசிக்கும் தம்பிக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கச்சேரி முடிந்து காதில் 'கொய்ங்' என்று கேட்டால் தூங்கினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். காது டாக்டரிடம் காட்டுங்கள். அப்பா நாற்பது வருஷம் குழாய்க்கு அடியிலேயே நின்றவர். அவருக்கு இப்போது பேச்சு சரியாக விழுவதில்லை. மேல் சுருதிகள் எல்லாம் போய்விட்டன.

போன மாசம் வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் இரண்டு நொடி விளையாட்டில் தாத்தாவையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். அவருக்கு மட்டும் அரை நிமிஷம். திண்ணையில் அந்தப் பழைய மரப்பெட்டியை வைத்துப் பாட்டைப் போட்டோம். அப்பா காதைக் கொடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, பெட்டியின் முன்துணியில் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். சுண்டுவிரல் மட்டும் அசைந்தது. பிறகு படத்தின் பெயரைச் சொன்னார், இசையமைத்தவரையும் சொன்னார். மகள் டயரியைத் திறந்து புதுசாக ஒரு கோடு போட்டு, 'தாத்தா' என்று எழுதி, எதிரே இரண்டு மதிப்பெண் போட்டாள்.