சினத்தின் நாள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

‘தீயெஸ் ஈரே’ என்னும் இலத்தீன் தொடருக்குச் ‘சினத்தின் நாள்’ என்பது பொருள். இறந்தோருக்கான கத்தோலிக்கப் பூசையில் பல நூற்றாண்டுகள் பாடப்பட்ட பாடலின் பெயரும் அதுவே. 13-ஆம் நூற்றாண்டுத் துறவி செலானோ தாமஸ் இயற்றியதென்பர். அறிஞர் அனைவரும் இதனை ஏற்பதில்லை. மும்மூன்று அடிகளாய் நடக்கும் இப்பாடலில், அம்மூன்றும் நம் இயைபுத் தொடைபோல் ஒத்த ஓசையில் முடிகின்றன.

எரியும் உலகு, எக்காளம், கணக்கேடு எனத் தொடங்கும் பாடல் ஏழாம் கண்ணியில் திரும்புகிறது. அங்கே ஒரு தனி மனிதன் தன்னை எண்ணி நடுங்கி, இரக்கம் வேண்டத் தொடங்குகிறான். உலகின் முடிவைவிட இந்நடுக்கமே என்னைத் தொட்டது.

பழைய மெட்டு வாத்தியமின்றி ஒற்றை ஓட்டமாய்ச் செல்வது. பின்வந்தோர் புதிது புதிதாய் இசையமைத்தனர். பெர்லியோஸ் 1837-இல் நான்கு பித்தளைக்குழல் குழுக்களை மூலைக்கொன்றாய் நிறுத்தினார். வெர்டி 1874-இல் பெருமுரசை அதிரச் செய்தார். அச்சத்துக்கு இத்தனை ஆரவாரம் வேண்டுமா? மொசார்ட்டோ 1791-இல் இப்பாடலின் கடைசிப் பகுதிக்குச் சில வரி இசையே எழுதி மறைந்தார். எஞ்சியதை மாணவர் சூஸ்மயர் நிறைவு செய்தார்.

1970-இல் வெளிவந்த பூசை நூலில் இப்பாடல் இடம்பெறவில்லை. இசையரங்குகளிலோ இன்றும் ஒலிக்கிறது.