கிட்ஹப் இணைய மறுக்கிறதா?

தாயில்பட்டியில் பட்டாசு யூனிட் வைத்திருக்கும் என் மச்சானுக்காக, பீஸ் ரேட் கூலியைக் கணக்கிடும் சிறிய புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதன் ஃபைல்கள் கிட்ஹப் சர்வரில் உள்ளன. நான் வீட்டிலிருந்து அனுப்பும் மாற்றங்களை அவர் ஆபீஸ் கம்ப்யூட்டர் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். சரம் பின்னும் பெண்களுக்குக் கூட்டிய ரேட்டைச் சேர்த்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு புஷ் கட்டளை கொடுத்தேன். "கனெக்‌ஷன் டைம்டு அவுட்" என்றது. மறுநாள் சம்பளம். பழைய ரேட்டிலேயே சீட்டு பிரின்ட் ஆனால் அவர்கள் கைக்குக் குறைந்த கூலிதான் போகும்.

பதற்றத்தில் எஸ்எஸ்எச் கீ கெட்டுவிட்டது என நினைத்துப் புதிய கீ உருவாக்கினேன். பழையதன் மேல் எழுதவா என்று அது கேட்டதற்கு 'ஒய்' தட்டிவிட்டேன். நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள்! டைம்டு அவுட் என்றால் சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை என்று பொருள். கீயை அது இன்னும் பார்க்கவேயில்லை.

அடுத்து மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். "பெர்மிஷன் டினைடு, பப்ளிக்கீ" என்று வந்தது. எரிச்சலாக இருந்தாலும் இது நல்ல செய்திதான். சர்வரைத் தொட்டாகிவிட்டது, புதிய கீ அதற்குத் தெரியவில்லை, அவ்வளவே. பிரவுசரில் கிட்ஹப் தளத்தின் செட்டிங்ஸுக்குப் போய், 'பப்' என முடியும் ஃபைலில் உள்ளதைப் பேஸ்ட் செய்தேன். புஷ் போய்விட்டது. பப் இல்லாத இன்னொரு ஃபைலை யாரிடமும் கொடுக்கக் கூடாது.

வீட்டு பிராட்பேண்டில் மட்டும் மறுபடி டைம்டு அவுட். பிரவுசரோ ஒழுங்காக வேலை செய்தது. எஸ்எஸ்எச் 22ஆம் போர்ட்டிலும் பிரவுசர் 443ஆம் போர்ட்டிலும் செல்கின்றன. வழியில் 22 அடைபட்டிருந்தது. இதற்கு கிட்ஹப்பே மாற்றுவழி வைத்திருக்கிறது. உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் எஸ்எஸ்எச் ஃபோல்டரில் 'கான்ஃபிக்' என்ற ஃபைலை நோட்பேடில் திறந்து, தனித்தனி வரிகளாக ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்:

ஹோஸ்ட் கிட்ஹப்.காம்
ஹோஸ்ட்நேம் எஸ்எஸ்எச்.கிட்ஹப்.காம்
போர்ட் 443
யூசர் கிட்

சேவ் செய்யும்போது பெயருக்குப் பின்னால் 'டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை ஃபிங்கர்பிரின்ட்டைக் காட்டி 'யெஸ்' கேட்கும். கிட்ஹப் தளத்தில் வெளியிட்டுள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கொடுங்கள். ஹோஸ்ட் கீ மாறிவிட்டது என்ற எச்சரிக்கை வந்தாலும் இதே சோதனைதான். 2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ கீயை மாற்றியபோது பலரை அந்த எச்சரிக்கை மிரட்டியது.

எஸ்எஸ்எச் வேண்டாம், எச்டிடிபிஎஸ் போதும் என்பவர்கள் பாஸ்வேர்டைத் தட்டித் தட்டிச் சலிக்க வேண்டாம். 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் கட்டளைகளுக்கு கிட்ஹப் அதை ஏற்பதில்லை. டோக்கன் உருவாக்கிக் கொடுக்க வேண்டும்.

மச்சான் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தனி கீ இருந்ததால் அங்கே எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. காலையில் புது ரேட்டில் கூலிச் சீட்டு பிரின்ட் ஆனது.