பாறையைத் தட்டிப் பார்ப்போம்

போர் போடுவதை நாம் பார்த்திருக்கிறோம். முதலில் மண் வரும். பிறகு பாறைத்தூள் வரும். தண்ணீர் வந்தால் மகிழ்ச்சி. தண்ணீருக்காக இல்லாமல், பாறையைப் பற்றி அறியவும் போர் போடுகிறார்கள். எங்கே? ஏன்?

மகாராஷ்டிர மாநிலம் சதாரா மாவட்டத்தில் கொய்னா அணை இருக்கிறது. 1962ஆம் ஆண்டு அதில் நீர் தேக்கினார்கள். அதன்பின் அப்பகுதியில் நிலம் அடிக்கடி அதிர்ந்தது. 1967 டிசம்பர் 11ஆம் தேதி பெரிய பூகம்பம் வந்தது. பொழுது விடியவில்லை. மக்கள் தூங்கிக் கொண்டிருந்தார்கள். வீடுகள் இடிந்து விழுந்தன. சுமார் 200 பேர் இறந்தார்கள்.

அணைக்கும் பூகம்பத்துக்கும் என்ன தொடர்பு? பூமிக்குள் பாறைகளில் வெடிப்புகள் உண்டு. வெடிப்பின் இரு பக்கமும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். அணை நீர் மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது. வெடிப்பில் நீரின் அழுத்தம் கூடுகிறது. பிடி தளர்கிறது. பாறை சட்டென்று நகர்கிறது. நிலம் அதிர்கிறது. எல்லா அணைகளிலும் இப்படி நடப்பதில்லை. ஏற்கெனவே பாறையில் இறுக்கம் மிகுந்த இடத்தில்தான் நடக்கிறது.

இதை நேரில் அறிய விஞ்ஞானிகள் கொய்னா பகுதியில் ஆழமாகத் துளை போட்டார்கள். 2017இல் துளை 3 கிலோமீட்டர் ஆழத்தை எட்டியது. மேலே எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறை இருந்தது. அது ஒரு கிலோமீட்டருக்கும் அதிகக் கனம். அதன் கீழே மிகப் பழமையான கிரானைட் பாறை இருந்தது.

இத்தகைய துளைக்குள் கம்பி வடத்தில் கட்டிக் கருவிகளை இறக்குவார்கள். ஒரு கருவி வெப்பத்தை அளக்கும். ஒரு கருவி மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளக்கும். நீர் நிறைந்த வெடிப்பில் அது எளிதாகப் பாயும். இன்னொரு கருவி ஒலியை அனுப்பும்.

சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம் அல்லவா? நல்ல பானை கணீர் என்று ஒலிக்கும். விரிசல் விட்ட பானை அப்படி ஒலிக்காது. பாறையும் அப்படித்தான். உறுதியான பாறையில் ஒலி வேகமாகச் செல்லும். வெடித்த பாறையில் வேகம் குறையும்.

பூகம்பம் எந்த நாளில் வரும் என்று இன்றும் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எந்த இடத்தில் ஆபத்து அதிகம் என்று சொல்ல முடியும். அங்கே வீடு கட்டுவோர் கதவு, சன்னலுக்கு மேலே வீட்டைச் சுற்றிலும் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை போட வேண்டும். அது சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கும். ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் நில அதிர்ச்சி அல்ல. இடிந்து விழும் சுவரும் கூரையும்தான்.

பதில் சொல்லுங்கள்

1. கொய்னாவில் பெரிய பூகம்பம் எப்போது வந்தது?
2. வெடித்த பாறையை ஒலி எப்படிக் காட்டிக் கொடுக்கிறது?
3. உங்கள் வீட்டில் கான்கிரீட் பட்டை இருக்கிறதா? பார்த்து எழுதுங்கள்.