சரக்கு வேகன் கதவைத் தூக்கி மாட்டுவது எப்படி? புதிதாகக் கற்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ராஜா அண்ணாமலைபுரத்தில் வளரும் பிள்ளைகளுக்கு ரயில் என்றால் பறக்கும் ரயில்தான். மந்தைவெளியிலோ கிரீன்வேஸ் சாலையிலோ ஏறினால் ஒரு பக்கம் கடற்கரை, மறுபக்கம் வேளச்சேரி. சரக்கு வண்டியைப் பார்க்க வேண்டுமென்றால் வடசென்னைக்குப் போக வேண்டும். ஐடிஐயில் ஃபிட்டரோ வெல்டரோ முடித்து ரயில்வேயில் அப்ரண்டிஸாகச் சேரும் தென்சென்னைப் பிள்ளைகள், வேகன் கதவைக் கைக்கெட்டும் தூரத்தில் முதன்முதலாகப் பார்ப்பது தண்டையார்பேட்டை யார்டிலோ திருச்சி பொன்மலைப் பணிமனையிலோதான். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். இந்த வேலைக்கு அடிப்படை விதி ஒன்றுதான்: எடையைக் கருவி தாங்க வேண்டும், கை வழிகாட்ட மட்டுமே.

கதவு ஏன் கழற்றப்படுகிறது?

அரிசி, சிமெண்ட், உர மூட்டைகள் வருவது பிசிஎன் வகை மூடிய வேகனில். நிலக்கரி வருவது பாக்ஸ்என் என்ற திறந்த வேகனில். இரண்டிலும் கதவுகள் பெரும்பாலும் கீலில் திரும்புபவை. சில பக்கவாட்டில் திறக்கும், சில கீழ்நோக்கி மடியும். குட்ஸ் ஷெட்டில் மடிப்புக் கதவைத் தடாலென்று பிளாட்பாரத்தில் விடுவார்கள். உள்ளே சரிந்த மூட்டைகள் கதவை வெளியே தள்ளும். உரமும் உப்பும் ஏற்றிய வேகனில் கீழ்விளிம்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கடைசியில் கீல் பின் தேய்ந்து கதவு தொங்கும். ஓடும் வண்டியில் தொங்கும் கதவு பிளாட்பாரத்தையும் சிக்னல் கம்பத்தையும் பக்கத்துத் தடத்தில் வரும் வண்டியையும் இடிக்கக்கூடியது. நிற்காமல் கடக்கும் வண்டியையும் நிலைய ஊழியர் வெளியே வந்து நின்று கவனிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் படி: வேகன் அசையக் கூடாது

பழுதான வேகன், சிக் லைன் எனப்படும் பழுதுபார்க்கும் தடத்துக்கு வரும். அந்தத் தடத்துக்கான பாயின்ட்டைப் பூட்டி, சிவப்புக் கொடி அல்லது பலகை வைத்து, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கைப் போட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

அடுத்து தலைக்கு மேலே பாருங்கள். மின்சாரத் தடத்தில் 25,000 வோல்ட் கம்பி போகிறது. தொட்டால்தான் ஷாக் அடிக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2 மீட்டருக்குள் கிரேனின் பூம் போனாலே ஆபத்து. மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை எர்த் செய்து, எழுத்துப்பூர்வ அனுமதி கைக்கு வராமல் அங்கே கிரேனை நிமிர்த்தவே கூடாது. கம்பி இல்லாத தடத்துக்கு வேகனை மாற்றிக்கொள்வதே மேல்.

இரண்டாம் படி: எடையைக் கணக்குப் போடுங்கள்

"பார்த்தா எண்பது கிலோ இருக்கும்ண்ணே" என்று சொல்லிக்கொண்டு யாரும் கதவைத் தூக்கக் கூடாது. கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டர் எஃகுத் தகடு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 7.85 கிலோ. 2 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம், 5 மி.மீ. தடிமன் உள்ள தகடு என்று வைத்துக்கொள்வோம்: 2.4 சதுர மீட்டர், ஆகவே சுமார் 94 கிலோ. குறுக்கே பற்றவைத்த விறைப்புச் சட்டங்கள், கீல்கள், கொண்டி எல்லாம் சேர்த்தால் 120 கிலோவைத் தொட்டுவிடும். டிராயிங் கிடைத்தால் அதில் உள்ள எடையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

ஷெட்டுக்குள் என்றால் மேலே ஓடும் ஈஓடி கிரேன்தான் முதல் தேர்வு. திறந்தவெளியில் ஹைட்ரா கிரேன் அல்லது ஃபோர்க்லிஃப்ட். ஃபோர்க்லிஃப்டின் முள்ளில் நேராகச் சங்கிலியைச் சுற்றித் தூக்கும் பழக்கத்தைப் பார்த்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். முள்ளில் சங்கிலி வழுக்கும். கொக்கியுடன் கூடிய, எடை வரம்பு பொறித்த இணைப்பு அதற்கென்றே கிடைக்கிறது. அமெரிக்க பாக்ஸ்கார்களில் பல கதவுகள் கீலில் திரும்புவதில்லை, பக்கவாட்டில் நகர்கின்றன. கதவைக் கீழிருந்து ஏந்தி மேலே பிடித்துக்கொள்ளும் சட்டத்தை ஃபோர்க்லிஃப்டில் மாட்டி அவற்றைப் பொருத்த முடியும். நம் பணிமனைகளிலும் இதுபோன்ற சட்டத்தைச் செய்துகொள்ளலாம். அடிக்கடி கதவு மாற்றும் இடத்தில் அதற்கு ஆகும் செலவு வீண் போகாது.

எந்தக் கிரேன் ஆனாலும் அதன் கொக்கிக்குக் கீழே ஒரு செயின் பிளாக்கைத் தொங்கவிடுங்கள். பழகிய ஃபிட்டர்கள் இதை விடமாட்டார்கள். கிரேன் ஒரேயடியாக ஏறும், இறங்கும். கீல் ஓட்டைகள் பொருந்தத் தேவைப்படுவதோ ஓரிரு மில்லிமீட்டர். செயினைக் கையால் மெதுவாக இழுத்தால் அந்த அளவு கிடைக்கும்.

ஸ்லிங், டி-ஷாக்கிள், கொக்கி எல்லாவற்றிலும் பாதுகாப்பான எடை வரம்பு பொறித்திருக்க வேண்டும். தூக்கும் கருவிகளையும் துணைக்கருவிகளையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு இதை விதித்திருந்தது. சோதனைத் தேதியைக் கேட்பது உங்கள் உரிமை. புதிதாகச் சேர்ந்தவர் கேட்கலாமா என்று தயங்காதீர்கள்.

நான்காம் படி: ஸ்லிங் கட்டும் கோணம்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். 120 கிலோ கதவை இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்கினால் ஒரு காலுக்கு 60 கிலோ என்று நினைப்போம். கால்கள் நேர் செங்குத்தாக இருந்தால்தான் அது சரி. கிடைமட்டத்திலிருந்து 60 பாகை சாய்வில் ஒரு கால் தாங்குவது 69 கிலோ. 45 பாகையில் 85 கிலோ. 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொரு காலும் முழு 120 கிலோவையும் தாங்க வேண்டிவரும். ஆகவே 60 பாகைக்குக் குறையாமல் கட்டுங்கள். குட்டை ஸ்லிங்கை அகலமாக விரித்து மாட்டவே மாட்டாதீர்கள்.

பெல்ட் ஸ்லிங்கைத் தகட்டின் வெறும் விளிம்பில் சுற்றினால் கத்தியில் வைத்தது போல் அறுந்துவிடும். இடையே தடித்த ரப்பரைக் கொடுங்கள். பிளேட் கிளாம்ப் பயன்படுத்தினால், அது பிடிக்கும் இடத்தில் கிரீஸும் உரிந்த பெயின்ட்டும் இருக்கக் கூடாது.

ஐந்தாம் படி: பழைய கதவை இறக்குதல்

உள்ளே சரக்கு சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கந்தகம், உரம், நிலக்கரித் தூள் மிச்சமிருந்தால் சுத்தம் செய்யாமல் கேஸ் கட்டிங் வேண்டாம். கதவின் எடை முழுவதும் கிரேனுக்கு வந்த பிறகே பின்னைத் தட்ட வேண்டும். ஸ்லிங் இறுகியிருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டு பேர் தோள்கொடுத்துக்கொண்டு பின்னைத் தட்டும் வேலை வேண்டவே வேண்டாம்.

ஆறாம் படி: புதுக் கதவைத் தூக்குதல்

தரையில் படுத்திருக்கும் கதவை நிமிர்த்தும் நேரம்தான் மிக ஆபத்தானது. மேல்விளிம்பு எழும்போது கீழ்விளிம்பு சறுக்கும். அதற்குத் தடுப்புக் கட்டை வையுங்கள். கதவுக்கு நேராகவோ பின்னாலோ நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்துங்கள். கொண்டி ஒரு பக்கம் இருப்பதால் கதவு சாயக்கூடும். சாய்ந்தால் இறக்கி ஸ்லிங்கை மாற்றிக் கட்டுங்கள். நேராகத் தொங்கினால் மேலே போகலாம். கதவு ஆடாமல் இருக்கக் கீழ் மூலைகளில் கயிறு கட்டி, தள்ளி நின்று பிடியுங்கள். சைகை காட்டுபவர் ஒருவர்தான். ஆனால் "நிறுத்து" சைகையை யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்தியாக வேண்டும். இதை நேரில் கவனிக்க வெகுதூரம் போக வேண்டாம். கிரீன்வேஸ் சாலைப் பக்கம் மெட்ரோ பணியில் கிரேன் இயங்கும்போது, கொக்கியைப் பார்க்காமல் சைகை காட்டுபவரின் கையைப் பாருங்கள்.

ஏழாம் படி: பின் போடுதல்

ஓட்டைகள் நேராக வந்துவிட்டனவா என்று விரலை விட்டுப் பார்க்கவே கூடாது. கதவு ஓர் இம்மி அசைந்தாலும் விரல் துண்டாகிவிடும். கூர்முனை டேப்பர் பின்னை ஒரு கீலில் செருகி நேர்ப்படுத்துங்கள். இன்னொரு கீலில் அசல் பின்னைப் போடுங்கள். பிறகு டேப்பர் பின்னை எடுத்துவிட்டு அங்கும் அசல் பின். சம்மட்டியால் அடித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தால் கீல் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம், கீலைச் சரிசெய்யுங்கள்.

எல்லாப் பின்களும் போட்டு, வாஷரும் ஸ்ப்ளிட் பின்னும் மாட்டிய பிறகே ஸ்லிங்கைத் தளர்த்தலாம். கீலைப் பற்றவைக்க வேண்டியிருந்தால் வெல்டிங் எர்த்தைக் கதவிலோ சட்டத்திலோ, பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தண்டவாளத்தில் மாட்டினால் கரண்ட் சக்கரத்தின் ரோலர் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுத்துவிடும். அந்தக் கெடுதல் வெளியே தெரியவும் தெரியாது.

எட்டாம் படி: சோதனை

கதவை முழுக்கத் திறந்து மூடுங்கள், பலமுறை. கொண்டி கையால் விழ வேண்டும். மூடிய கதவைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்து, ஆட்டம் இருக்கிறதா என்று கவனியுங்கள். தூக்குவதற்காகத் தற்காலிகமாகப் பற்றவைத்த காதுகள் இருந்தால் அவற்றை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் பெயின்ட் அடியுங்கள். இந்த வேலையில் ஈடுபடாத இன்னொருவர் ஒவ்வொரு பின்னையும் தொட்டுப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடட்டும். கட்டைகளையும் சிவப்புக் கொடியையும் வைத்தவரே எடுக்க வேண்டும், அதுவும் எல்லாரும் தடத்தைவிட்டு வெளியே வந்ததை எண்ணிப் பார்த்த பிறகு. பாயின்ட்டின் பூட்டைத் திறப்பது அதற்கும் பிறகுதான்.